இறுகிப்போன ஸ்டீயரிங்: 1935 இண்டியானாபோலிஸ் பந்தயமும் என்ஜின் சூடும்

காரை மாற்றியமைப்பதில் ஆர்வம் உள்ளவர்கள் முதலில் கை வைக்கும் இடங்களில் ஒன்று எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட். சிலிண்டர்களில் இருந்து வெளிவரும் சூடான புகையை ஒன்று சேர்த்து சைலன்சர் குழாய்க்கு அனுப்பும் பாகம் அது. கம்பெனியில் இருந்து வந்த கனமான வார்ப்பிரும்பு மேனிஃபோல்டைக் கழற்றிவிட்டு, வெளிக்கடையில் கிடைக்கும் மெல்லிய இரும்புக் குழாய் மேனிஃபோல்டை மாட்டுவார்கள். புகை தடையில்லாமல் வெளியேறும். என்ஜினுக்குக் கொஞ்சம் சக்தி கூடும். சத்தமும் கம்பீரமாக மாறும்.

சில வாரங்கள் கழித்துத்தான் வேறு கதை ஆரம்பிக்கும். பிளக் வயரின் உறை உருகும். நெடுந்தூரம் ஓட்டி நிறுத்தினால் ஸ்டார்ட்டர் மோட்டார் மறுபடி சுற்றாது. பானட்டைத் திறந்தால் அனல் முகத்தில் அடிக்கும். புகை போகும் பாதையை மாற்றியவர்கள், அந்தப் பாதைக்குப் பக்கத்தில் என்னென்ன இருக்கிறது என்று பார்க்காமல் விட்டதன் விளைவு இது.

வீட்டுக் கொட்டகையில் காரைப் பிரித்து மாட்டுகிறவர்கள் மட்டும்தான் இந்தத் தவறைச் செய்வார்கள் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் மிகப்பெரிய கார் நிறுவனங்களில் ஒன்றும், அந்நாட்டின் தலைசிறந்த ரேஸ் கார் வடிவமைப்பாளர் ஒருவரும் கைகோர்த்து, லட்சக்கணக்கானவர்கள் கவனித்த ஒரு பந்தயத்தில் இதே தவறைச் செய்தார்கள். அது நடந்தது 1935 மே 30 அன்று, இண்டியானாபோலிஸில்.

ஒரு மலிவான வி-8

1932-ல் ஹென்றி ஃபோர்டு தன் புகழ்பெற்ற வி-8 என்ஜினை வெளியிட்டார். அதுவரை எட்டு சிலிண்டர் என்ஜின் என்பது பெரும்பாலும் வசதியானவர்களின் சமாச்சாரம். ஃபோர்டு எட்டு சிலிண்டர்களையும் ஒரே வார்ப்பாக வார்த்து, சாதாரண மக்கள் வாங்கும் காரில் வைத்தார். 221 கன அங்குலக் கொள்ளளவு, ஆரம்பத்தில் 65 குதிரைத்திறன். 1935 வாக்கில் அது 85 ஆகியிருந்தது.

அந்த என்ஜினுக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. வால்வுகள் சிலிண்டர்களுக்கு மேலே இல்லாமல், 'வி'யின் உள்பக்கமாக பிளாக்கிலேயே இருந்தன. எரிந்த புகை உள்ளே பிறந்து, பிளாக்கின் ஊடாக, குளிர்நீர் ஓடும் அறைகளை ஒட்டியே பயணம் செய்து இரண்டு பக்கவாட்டிலும் வெளியே வர வேண்டும். போகிற வழியெல்லாம் புகை தன் சூட்டைத் தண்ணீருக்குக் கொடுத்துக்கொண்டே போகும். ஃபோர்டு வி-8 என்றாலே ரேடியேட்டர் கொதிக்கும் என்ற பேச்சு அக்காலத்தில் எழுந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். அவ்வளவு கொடுத்த பிறகும் மீதி வெப்பத்தோடு புகை வந்து சேரும் இடம், என்ஜினின் இரு விலாப்புறங்களிலும் இருந்த எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுகள்.

இருந்தாலும் அது நல்ல என்ஜின். 1933-ல் இல்லினாய் மாநிலத்தின் எல்ஜின் ஊரில் சுமார் 200 மைல் தூரத்துக்கு ஒரு ஸ்டாக் கார் பந்தயம் நடந்தது. அதில் முதல் ஏழு இடங்களையும் ஃபோர்டு வி-8 கார்களே பிடித்தன. கிட்டத்தட்ட கடையில் விற்கும் கார்கள்தான் அவை. என்ஜினும் மேனிஃபோல்டும் மற்ற பாகங்களும் கம்பெனி வைத்த இடத்திலேயே இருந்தன. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மில்லரும் டக்கரும்

ஹாரி மில்லர் 1920-களின் அமெரிக்க ரேஸ் கார் உலகத்தின் மேதை. முன்சக்கரங்களால் இழுக்கப்படும் ரேஸ் காரை 1925-லேயே இண்டியானாபோலிஸுக்குக் கொண்டு வந்து, முதல் முறையிலேயே இரண்டாம் இடம் பெற வைத்தவர். ஆனால் பொருளாதாரப் பெருமந்தம் அவரையும் விடவில்லை. 1933-ல் திவாலானார். அவரிடம் வேலை பார்த்த ஃப்ரெட் ஆஃபன்ஹவுசர், மில்லரின் பட்டறையில் பிறந்த நான்கு சிலிண்டர் என்ஜினைத் தன் பெயரில் தொடர்ந்து தயாரித்தார்.

பிரஸ்டன் டக்கர் ஒரு சாமர்த்தியமான விற்பனையாளர். பிற்காலத்தில் 'டக்கர் 48' என்ற காரைத் தயாரித்துப் பெயர் வாங்கியவர் இவர்தான். மில்லரின் மூளையையும் ஃபோர்டின் பணத்தையும் சேர்த்தால் என்ன என்று யோசித்தார். ஃபோர்டு நிறுவனத்துக்கும் இதில் லாபம் உண்டு. மக்கள் வாங்கும் அதே வி-8 இண்டியானாபோலிஸில் ஓடினால் அதைவிடப் பெரிய விளம்பரம் கிடையாது. அந்த ஆண்டு பந்தயத்தைத் தொடங்கி வைக்கும் பேஸ் காரும் ஃபோர்டு வி-8தான்!

பத்து கார்கள் என்று முடிவானது. ஒரே குறை, பந்தயத்துக்கு இருந்தது சுமார் மூன்று மாதங்கள் மட்டும்.

அழகான கார்கள்

மில்லர் வடிவமைத்த கார்கள் அந்தக் காலத்துக்கு மிகப் புதுமையானவை. மற்ற ரேஸ் கார்களைவிடத் தாழ்வாக, தரையோடு ஒட்டியபடி இருந்தன. முன்சக்கர இயக்கம், நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனி சஸ்பென்ஷன். சஸ்பென்ஷன் கைகளுக்குக் கூட காற்றைக் கிழிக்கும் வடிவத்தில் உறை போட்டிருந்தார்கள். என்ஜின் ஃபோர்டு வி-8 தான், ஆனால் சுமார் 150 குதிரைத்திறன் வரை ஏற்றப்பட்டது.

முன்சக்கரங்களை ஓட்ட வேண்டும் என்பதால் என்ஜினைத் திருப்பி வைத்தார்கள். வழக்கமாகப் பின்னால் இருக்கும் கியர்பாக்ஸ் முன்னால் போனது. ஒரு பாகத்தின் இடம் மாறினால் மற்ற எல்லாமும் நகர வேண்டும். தாழ்வான, ஒடுக்கமான அந்த உடலுக்குள் ஒவ்வொன்றுக்கும் புதிதாக இடம் தேட வேண்டியிருந்தது. அப்படித் தேடியதில் ஸ்டீயரிங் பாக்ஸ் போய் உட்கார்ந்த இடம் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு மிக அருகில்.

ஸ்டீயரிங் பாக்ஸ் என்பது ஒரு சிறிய உலோகப் பெட்டி. டிரைவர் திருப்பும் சக்கரத்தின் சுழற்சியை, முன்சக்கரங்களைத் திருப்பும் அசைவாக மாற்றும் பற்சக்கரங்கள் அதற்குள் இருக்கும். அவை கிரீஸில் மூழ்கியிருக்கும். பற்களுக்கு இடையே முடி அளவு இடைவெளிதான். அந்த இடைவெளி அதிகமானால் ஸ்டீயரிங் ஆடும், குறைந்தால் இறுகும்.

13 நிமிடமும் ஒரு மணி நேரமும்

இங்கே கொஞ்சம் கணக்கு பார்க்கலாம்.

அந்த ஆண்டுகளில் இண்டியானாபோலிஸ் தகுதிச் சுற்று என்பது 10 லேப். ஓடுபாதையின் நீளம் 2.5 மைல். அதாவது 25 மைல், கிட்டத்தட்ட 40 கிலோமீட்டர். மணிக்கு 110 மைலுக்குக் கொஞ்சம் மேலே ஓடினால் 13 நிமிடத்தில் முடிந்துவிடும். பந்தயமோ 200 லேப், 500 மைல். அந்த வருடம் ஜெயித்தவருக்கே நான்கு மணி நேரம் 42 நிமிடம் ஆனது.

பத்து கார்களில் நான்கு மட்டுமே தகுதி பெற்றுப் பந்தயத்தில் நின்றன. ஓட்டியவர்கள் டெட் ஹார்ன், ஜானி சீமோர், ஜார்ஜ் பெய்லி, பாப் சால். கடைசி நேரம் வரை பட்டறையில் இருந்த கார்களை நாள் முழுக்க ஓட்டிப் பரிசோதிக்க அவகாசமே இருக்கவில்லை. தகுதிச் சுற்றின் 13 நிமிடத்தை அவை தாண்டிவிட்டன. எல்லாம் சரியாக இருப்பதாகத்தான் தெரிந்தது.

ஆனால் வெப்பம் அவசரப்படாது. பானட்டுக்குள் இருக்கும் ஒரு கனமான உலோகப் பெட்டி சூடாக நேரம் எடுக்கும். முதல் பத்து நிமிடத்தில் அதன் வெளித்தோல்தான் சுடும். அரை மணி நேரத்தில் உள்ளே உள்ள கிரீஸ் இளகும். ஒரு மணி நேரத்தில் பற்சக்கரங்களும் தாங்கிகளும் அந்தச் சூட்டை முழுதாக வாங்கியிருக்கும். 13 நிமிடப் பரிசோதனையில் இது எதுவும் தெரிய வாய்ப்பே இல்லை.

பந்தயத்தில் நடந்தது இதுதான். பாப் சாலின் கார் 47 லேப்பில் ஸ்டீயரிங் கோளாறால் நின்றது. ஜார்ஜ் பெய்லியின் கார் 65 லேப்பில் அதே காரணத்தால் வெளியேறியது. ஜானி சீமோர் 71 லேப், காரணம் கிரீஸ் கசிவு என்று பதிவானது. டெட் ஹார்ன் மட்டும் இழுத்துப் பிடித்து 145 லேப் வரை ஓட்டினார். அவர் காரையும் கடைசியில் ஸ்டீயரிங்கே நிறுத்தியது. 16-வது இடம். நான்கில் ஒன்று கூடப் பந்தயத்தை முடிக்கவில்லை.

47 லேப் என்பது சுமார் 117 மைல், ஒரு மணி நேரத்துக்கு மேல். அதாவது தகுதிச் சுற்றைப் போல ஐந்து மடங்கு நேரம் சூடு ஏறிய பிறகுதான் முதல் கார் விழுந்தது.

உள்ளே என்ன நடந்தது?

பெட்ரோலை எரிப்பதால் கிடைக்கும் சக்தியில் சக்கரத்துக்குப் போவது சிறு பங்குதான். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சூடான புகையோடு வெளியேறுகிறது. முழு வேகத்தில் ஓடும் பெட்ரோல் என்ஜினின் புகை 700 முதல் 900 டிகிரி செல்சியஸ் வரை போகும். மேனிஃபோல்ட் அந்தப் புகையோடு நேரடியாகத் தொடர்பு உள்ள பாகம்.

மேனிஃபோல்டின் சூடு பக்கத்தில் உள்ள பொருளுக்கு மூன்று வழிகளில் போகும். இரும்பும் இரும்பும் தொட்டால் கடத்தல் மூலம். பானட்டுக்குள் சுழலும் காற்றின் மூலம். மூன்றாவது வழி கதிர்வீச்சு, அதாவது அடுப்புக்கு எதிரே நின்றால் காற்று வீசாமலே முகத்தில் அடிக்கும் அனல். பலர் மறந்துவிடுவது இந்த மூன்றாவதைத்தான். கதிர்வீச்சு, வெப்பநிலையின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப ஏறும். மேனிஃபோல்டின் மேற்பரப்பு 400 டிகிரியில் இருந்து 700 டிகிரிக்குப் போனால் அது வீசும் அனல் இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்குக்கும் மேல் ஆகும். தெருவில் ஓடும்போது தொந்தரவு தராத அதே இடைவெளி, பந்தயத்தில் ஆபத்தாவது இதனால்தான்.

சூடு ஏறியதும் இரண்டு கோளாறுகள் சேர்ந்து நடக்கும். முதலாவது, கிரீஸ் இளகி ஓடிவிடும். அக்காலத்தில் பரவலாக இருந்த சுண்ணாம்புச் சோப்பு கிரீஸ் வகைகள் 100 டிகிரியை நெருங்கும்போதே தண்ணீராகிவிடும். அதிகச் சூடு தாங்கும் லித்தியம் கிரீஸ் வந்தது 1940-களில்தான். இரண்டாவது, உலோகம் விரியும். 100 மில்லிமீட்டர் நீள எஃகு 100 டிகிரி சூடானால் சுமார் 0.12 மில்லிமீட்டர் நீளும். கேட்கச் சிறியதாக இருக்கும். ஆனால் பற்சக்கரங்களுக்கு இடையே இருந்த இடைவெளியே அந்த அளவுதான் என்றால்? கிரீஸும் இல்லாமல், இடைவெளியும் இல்லாமல், பற்கள் ஒன்றை ஒன்று கவ்விப் பிடித்துக்கொள்ளும்.

மணிக்கு 100 மைல் வேகத்தில், ஒரு வளைவுக்கு முன்னால் ஸ்டீயரிங் இறுகுவதை யோசித்துப் பாருங்கள். அக்கால விதிப்படி ஒவ்வொரு காரிலும் இரண்டு பேர். டிரைவருக்குப் பக்கத்தில் ஒரு மெக்கானிக்கும் உட்கார்ந்திருப்பார். சீட் பெல்ட் கிடையாது. அந்த 1935 மே மாதத்தில் மட்டும் இண்டியானாபோலிஸ் ஓடுபாதையில் நான்கு பேர் இறந்திருந்தார்கள். பயிற்சியின்போது ஜானி ஹானன் இறந்தார். அதே நாளில் ஸ்டபி ஸ்டபிள்ஃபீல்டும் அவருடைய மெக்கானிக் லியோ விட்டேக்கரும் இறந்தனர். ஹானன் மோதிய காரையே சரிசெய்து பந்தயத்தில் ஓட்டிய கிளே வெதர்லி பந்தயத்தின் ஆரம்ப லேப்களிலேயே உயிரிழந்தார். இவை ஃபோர்டு கார்கள் அல்ல. ஆனால் அந்தப் பாதை எவ்வளவு இரக்கமற்றது என்பதை இது சொல்லும். இறுகிய ஸ்டீயரிங்கோடு நான்கு ஃபோர்டு கார்களின் டிரைவர்களும் உயிரோடு திரும்பியது பெரிய அதிர்ஷ்டம்.

குற்றவாளி என்ஜினா?

இப்போது எல்ஜின் பந்தயத்தை ஞாபகப்படுத்திக்கொள்ளலாம். அதே வி-8, அதே பிளாக், அதே சூடான புகை. சுமார் 200 மைல் ஓடி முதல் ஏழு இடங்களைப் பிடித்தது. இண்டியானாபோலிஸில் 117 மைலில் முதல் கார் முடங்கியது. இரண்டுக்கும் நடுவே மாறியவை முக்கியமாக இரண்டு. ஒன்று, என்ஜினில் இருந்து பிழியப்பட்ட சக்தி. சக்தி கூடினால் புகையின் வெப்பமும் கூடும். இரண்டு, மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் யார் குடியிருந்தார்கள் என்பது.

என்ஜின் தோற்கவில்லை. மில்லரின் முன்சக்கர இயக்கமும் தோற்கவில்லை. இரண்டு நல்ல பாகங்களுக்கு நடுவே இருந்த சில அங்குல இடைவெளியில்தான் கார் தோற்றது. சில வாரங்கள் கூடுதலாக இருந்து, யாராவது ஒரு காரை இரண்டு மணி நேரம் நிறுத்தாமல் ஓட்டிப் பார்த்திருந்தால் இந்தக் கோளாறு கண்ணில் பட்டிருக்கும். ஒரு தகட்டை நடுவில் நிறுத்தி, இருபுறமும் காற்று போக வழி விட்டிருந்தால் கூட நிலைமை மாறியிருக்கலாம்.

பெரிய வேடிக்கை ஒன்றும் உண்டு. அன்று ஜெயித்தவர் கெல்லி பெட்டிலோ. அவர் காரில் இருந்தது ஆஃபன்ஹவுசர் என்ஜின், அதாவது மில்லரின் பழைய பட்டறையில் வேர்விட்ட என்ஜின். ஆஃபன்ஹவுசர் என்ற பெயரில் இண்டியானாபோலிஸில் கிடைத்த முதல் வெற்றியும் அதுதான். மில்லரின் பழைய உழைப்பு ஜெயித்த அதே நாளில் அவருடைய புதிய கார்கள் ஓரமாக நின்றன.

அதன் பிறகு

ஃபோர்டு நிறுவனம் கார்களைத் திரும்ப எடுத்துப் பூட்டி வைத்தது. பின்னாளில் அவை தனியார் கைகளுக்குப் போயின. அப்போதுதான் மில்லரின் வடிவமைப்பு எவ்வளவு நல்லது என்று தெரிந்தது. 1941-ல் அந்தச் சட்டகங்களில் ஒன்றில் ஃபோர்டு என்ஜினுக்குப் பதிலாக, பிற்காலத்தில் 'நோவி' என்று புகழ்பெற்ற வி-8 என்ஜின் பொருத்தப்பட்டது. ரால்ஃப் ஹெப்பர்ன் அதை ஓட்டி நான்காம் இடம் பிடித்தார்.

டெட் ஹார்னுக்கு 1935தான் முதல் இண்டியானாபோலிஸ். இறுகும் ஸ்டீயரிங்கோடு 145 லேப் போராடிய அந்தப் புதுமுகம், அடுத்து ஓடிய ஒன்பது பந்தயங்களிலும் முதல் நான்கு இடங்களுக்குள் வந்தார். மில்லர் 1943-ல் காலமானார்.

ஃபோர்டு நிறுவனம் இண்டியானாபோலிஸுக்குப் பெரிய அளவில் திரும்பியது 1963-ல், லோட்டஸ் நிறுவனத்தோடு சேர்ந்து. 1965-ல் ஜிம் கிளார்க் லோட்டஸ்-ஃபோர்டு காரில் ஜெயித்தார். அந்தக் காரின் என்ஜின் டிரைவருக்குப் பின்னால் இருந்தது. எக்ஸாஸ்ட் குழாய்கள் 'வி'யின் நடுவில் இருந்து பாம்புக் கூட்டம் போல மேலே எழுந்து, திறந்த காற்றில் பின்பக்கம் போயின. ஸ்டீயரிங் பாகங்களோ காரின் முன்கோடியில். வேறு காரணங்களுக்காக வந்த அமைப்புதான் அது. ஆனாலும் 1935-ல் நெருங்கி உட்கார்ந்திருந்த இருவரும் இப்போது காரின் இரு முனைகளில்!

இன்றைக்கு இதில் என்ன இருக்கிறது?

மெல்லிய குழாய் மேனிஃபோல்ட் மாட்டும் ஒவ்வொருவரும் சிறிய அளவில் மில்லர் செய்ததையே செய்கிறார்கள். புகையின் பாதை மாறுகிறது. கம்பெனி பொறியாளர்கள் அளந்து வைத்த இடைவெளிகள் செல்லாமல் போகின்றன. கம்பெனி மேனிஃபோல்டின் மேல் இருந்த வெப்பத் தகடு பல நேரம் புதியதற்குப் பொருந்தாமல் மூலையில் கிடக்கும்.

வழிகள் இப்போது நிறைய உண்டு. மேனிஃபோல்டுக்கும் மற்ற பாகத்துக்கும் நடுவே இடைவெளி விட்டு நிறுத்தும் அலுமினியத் தகடு, அனலைத் திருப்பி அனுப்பும். செராமிக் பூச்சு, சூட்டைக் குழாய்க்குள்ளேயே வைத்துக்கொள்ள உதவும். கண்ணாடி இழை நாடாவைக் குழாயில் சுற்றுவதும் உண்டு. ஆனால் அது ஈரத்தைப் பிடித்து வைத்துத் துருவைக் கூட்டும், எண்ணெய் ஊறினால் தீப்பிடிக்கவும் செய்யும். மெக்லாரன் நிறுவனம் 1992-ல் அறிமுகம் செய்த எஃப்1 காரின் என்ஜின் அறையில் தங்கத் தகடு ஒட்டியிருந்ததும் ஆடம்பரத்துக்காக அல்ல, தங்கம் அனலை மிக நன்றாகத் திருப்பி அனுப்பும் என்பதால்தான்.

எதைச் செய்தாலும் கடைசிப் பரிசோதனை ஒன்றுதான். தெருமுனை வரை ஒரு சுற்று போய் வந்து திருப்தி அடைந்தால் அது 10 லேப் தகுதிச் சுற்று மாதிரி. ஒரு மணி நேரமாவது தொடர்ந்து ஓட்ட வேண்டும். பிறகு என்ஜினை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டும். காற்றோட்டமும் ஃபேனும் நின்றுபோன அந்த நேரத்தில்தான் பானட்டுக்குள் பல பாகங்களின் சூடு உச்சத்துக்குப் போகும். அப்போது பிரேக் ஆயில் குழாய், பெட்ரோல் குழாய், வயர்கள், ரப்பர் பூட்டுகள், ஸ்டீயரிங் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

பாப் சாலின் காருக்கு அந்தப் பரிசோதனை பந்தயத்தின் 47-வது லேப்பில் நடந்தது.